ஹாலந்தின் கேட்டு ஆண்டு

1672-ஆம் ஆண்டை டச்சு மக்கள் இன்றளவும் கேட்டின் ஆண்டு என்றே அழைக்கிறார்கள். அந்த ஆண்டில் ஜனங்களுக்குப் புத்தி பேதலித்தது, அதிகாரத்தில் இருந்தவர்களுக்குத் திக்குத் தெரியவில்லை, நாட்டுக்கு மீட்சியே இல்லை என்று மூன்றே சொற்களில் அடக்கிச் சொல்லும் பழமொழி ஒன்றும் அவர்களிடையே வழங்கி வருகிறது. ஒரு தேசம் வெளிப்பகையால் அழிவின் விளிம்பு வரை சென்று மீள்வது சரித்திரத்தில் அபூர்வமன்று. ஆனால் அவ்வாறு மீண்டுகொண்டிருந்த வேளையிலேயே, தன்னை இருபது ஆண்டுகளாகக் காத்துவந்த மனிதனைத் தன் கைகளாலேயே தெருவில் கொன்று போட்ட தேசம் அபூர்வந்தான். அந்தக் காரணம்பற்றியே இவ்வாண்டு நம் சிந்தனைக்கு உரியதாகிறது.

ஸ்பெயின் தேசத்து மன்னருக்கு எதிராக எண்பது ஆண்டுகள் போராடி, 1648-இல் தன் சுதந்திரத்தை உலகம் ஒப்புக்கொள்ளச் செய்த அந்தக் குடியரசு, ஏழு மாகாணங்களின் கூட்டு; இருபது லட்சத்துக்கு உட்பட்ட ஜனத்தொகை; பாதிக்கு மேற்பட்ட செல்வமும் செல்வாக்கும் ஹாலந்து என்ற ஒரே மாகாணத்தில். மற்ற தேசங்களில் மன்னர்கள் ஆண்டுகொண்டிருக்க, இங்கே நகரங்களின் வர்த்தகக் குடும்பங்களே ஆட்சி செய்தன. ஆயினும் மன்னருக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்க ஒரு வம்சம் அங்கேயும் இருந்தது. ஸ்பெயினுக்கு எதிரான போரை முன்னின்று நடத்திய ஆரஞ்சு வம்சத்தார், மாகாண ரட்சகர் என்ற பதவியையும் சேனாதிபதி பதவியையும் தலைமுறை தலைமுறையாக வகித்து வந்தார்கள். 1650-இல் அவ்வம்சத்து இரண்டாம் வில்லியம் வைசூரி கண்டு இறந்தபோது, அவருடைய ஒரே மகன் பிறந்திருக்கவே இல்லை. தகப்பன் இறந்து எட்டாம் நாள்தான் குழந்தை பிறந்தது. இந்தச் சந்தர்ப்பத்தை வர்த்தகப் பிரபுக்கள் பயன்படுத்திக்கொண்டு, ரட்சகர் இல்லாமலே நாட்டை நடத்தத் தொடங்கினார்கள். அவர்களுடைய தலைவராக 1653-இல், இருபத்தெட்டு வயது நிரம்பாத நிலையில், ஹாலந்தின் முதன்மை ஆலோசகர் பதவியை ஏற்றவர் யோஹான் டி விட்.

டோர்ட்ரெக்ட் நகரத்தில் பிறந்த இவர் பெரும் கணித வல்லுநர். கூம்பு வளைவுகளைப் பற்றி இவர் எழுதிய நூல், டேக்கார்ட்டின் வடிவ கணிதத்துக்கு வெளிவந்த லத்தீன் பதிப்போடு சேர்த்து அச்சிடப்பட்டது. எளிய உடையணிந்து, ஒரே ஒரு வேலைக்காரன் பின்வர ஹேக் நகரத் தெருக்களில் நடந்து செல்லும் இவர், ஐரோப்பிய மன்னர்களின் தூதர்களோடு சமமாக அமர்ந்து சமாதான உடன்படிக்கைகள் பேசினார். 1667-இல் டச்சுக் கப்பற்படை இங்கிலாந்தின் மெட்வே நதிக்குள் நுழைந்து, ஆங்கில மன்னரின் பெயர் தாங்கிய பெருங்கப்பலையே இழுத்து வந்தபோது, தளபதி டி ராய்ட்டரோடு சென்ற அரசாங்கப் பிரதிநிதி இவருடைய அண்ணன் கொர்னேலிஸ். அதே ஆண்டில் ஹாலந்து மாகாணத்தில் ரட்சகர் பதவியை என்றைக்குமாக ரத்துச் செய்யும் சாசனமும் நிறைவேற்றப்பட்டது. அன்று நிகழ்ந்த இந்த இரண்டு காரியங்களிலும் பிற்கால விபரீதத்தின் வித்து அடங்கியிருந்தது. முதலாவது இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னருடைய மனத்தில் ஆறாத புண்ணாயிற்று. இரண்டாவது, ஆரஞ்சு வம்சத்து இளைஞனிடம் பக்தி கொண்ட சாமானிய ஜனங்களின் மனத்தில் புகைந்துகொண்டிருந்தது.

பிரான்ஸின் பதினான்காம் லூயிக்கோ காரணம் வேறு. ஸ்பெயினுக்குச் சொந்தமான நெதர்லாந்துப் பகுதிகளை அவர் கவர்ந்துகொள்ள முற்பட்டபோது, டி விட் 1668-இல் இங்கிலாந்தையும் ஸ்வீடனையும் சேர்த்துக்கொண்டு ஒரு முக்கூட்டு உடன்படிக்கை செய்து தடுத்துவிட்டார். வியாபாரிகளின் குடியரசு ஒன்று தம்மை வழிமறித்ததை லூயி மன்னிக்கவில்லை. 1670-இல் சார்லஸோடு டோவர் துறைமுகத்தில் ரகசிய உடன்படிக்கை செய்துகொண்டார். ஸ்வீடனைப் பணத்தால் விலக்கினார். முன்ஸ்டர், கோலோன் ஆகிய ஜெர்மன் நாடுகளை ஆண்ட பிஷப்புகளைத் தம் பக்கம் இழுத்தார். முக்கூட்டு உறவு இன்னும் உயிரோடு இருப்பதாக டி விட் நம்பிக்கொண்டிருந்த காலத்திலேயே அது செத்துப்போய் இரண்டாண்டு கழிந்திருந்தது.

இவ்விடத்தில் டி விட்டின் பிழையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கடற்படைக்கு அவர் கொட்டிய பணத்திலும் கருத்திலும் பாதியாவது தரைப்படைக்குக் கிட்டவில்லை. சேனை பெருத்தால் சேனாதிபதி வேண்டும், சேனாதிபதி என்றால் ஆரஞ்சு வம்சத்தான்தான் வருவான் என்ற அச்சம் அவருடைய கட்சியாரை ஆட்டிவைத்தது. எல்லைக் கோட்டைகளின் மதில்கள் இடிந்து கிடந்தன; காவற்படைகள் எண்ணிக்கையில் குன்றியிருந்தன. ஆனால் அபாயத்தை அவர் உணராமலே இருந்தார் என்று சொல்வது அநியாயம். 1671-இல் ஆயுட்கால வருடாந்திரத் தொகைக்கு என்ன விலை வைக்கலாம் என்பதை, மனிதரின் மரண விகிதத்தைக் கொண்டு கணித முறைப்படி ஆராய்ந்து ஓர் அறிக்கையை அவர் மாகாண சபையின் முன் வைத்தார். ஆயுள் இன்ஷூரன்ஸ் சாஸ்திரத்துக்கே மூலநூல்களில் ஒன்றாக இன்று போற்றப்படும் அந்தச் சிறு நூல், வரப்போகும் யுத்தத்துக்குக் கடன் திரட்டும் வழியைத் தேடி எழுதப்பட்டது.

யுத்தம் அறிவிப்பின்றியே தொடங்கியது. மார்ச் மாதத்தில், மத்தியதரைக் கடலிலிருந்து சரக்கேற்றித் திரும்பிக்கொண்டிருந்த டச்சு வர்த்தகக் கப்பல்களை ஆங்கிலேயர் வழிமறித்துத் தாக்கினார்கள். ஏப்ரலில் பிரான்ஸும் இங்கிலாந்தும் முறைப்படி போர் தொடுத்தன. பின்னர் முன்ஸ்டரும் கோலோனும் சேர்ந்துகொண்டன. கடலில் டச்சுக்காரர் தங்கள் பழைய திறமையைக் காட்டினார்கள். ஜூன் 7-ஆம் தேதி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சோல் வளைகுடாவில் நங்கூரமிட்டிருந்த ஆங்கில, பிரெஞ்சுக் கப்பல்களின் மீது டி ராய்ட்டர் எதிர்பாராமல் பாய்ந்தார். ஆங்கிலத் தளபதிகளில் ஒருவரான சாண்ட்விச் பிரபு, தம் கப்பல் தீப்பற்றி எரிய, கடலில் மாண்டார். கடல் மார்க்கமாக ஹாலந்தில் படையிறக்க வேண்டும் என்ற எதிரியின் திட்டம் அந்த ஒரு நாளில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கடுமையான வாதநோயால் நிற்கவும் முடியாத நிலையில், ஒரு நாற்காலியில் அமர்ந்தபடியே டி ராய்ட்டரின் கப்பல் மேல்தளத்தில் குண்டுமழைக்கு நடுவே அன்று முழுவதும் இருந்தவர் கொர்னேலிஸ் டி விட். இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அதன் பின்னர் கிடைத்த ஆயுள் இரண்டரை மாதத்துக்கும் குறைவு.

தரையில் நிகழ்ந்தது நேர்மாறு. லட்சத்துக்கு மேற்பட்ட சேனையோடு, தாமே முன்வந்து நடத்திச் சென்றார் லூயி. ரைன் நதிக்கரைக் கோட்டைகள் சில நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரணடைந்தன. கோடையில் நீர் வற்றியிருந்த நதியை ஜூன் 12-ஆம் தேதி பிரெஞ்சுக் குதிரைப்படை லோபித் அருகே கடந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில், தகப்பன் இறந்தபின் பிறந்த அந்த ஆரஞ்சு வம்சத்துக் குழந்தையை, இப்போது மூன்றாம் வில்லியம் என்ற இருபத்தொரு வயது இளவரசனை, ஜனங்களின் வற்புறுத்தலுக்கு இணங்கிச் சேனாதிபதியாக நியமித்திருந்தார்கள். எதிரி நதியைக் கடந்துவிட்டதனால், கிழக்கு எல்லையைக் காத்துக்கொண்டிருந்த அவன் ஹாலந்தை நோக்கிப் பின்வாங்க நேர்ந்தது. அவனிடம் எஞ்சியது பத்தாயிரத்துக்கும் குறைந்த படையே. உட்ரெக்ட் நகரம் போரிடாமலே கதவைத் திறந்துவிட்டது. நூறாண்டுகளாகச் சீர்திருத்தச் சமயத்தார் வசமிருந்த அந்நகரத்துப் பேராலயத்தில் மறுபடியும் கத்தோலிக்கப் பூசை நடந்தது.

பீதி தலைநகரங்களைப் பற்றிக்கொண்டது. கடைகள் அடைபட்டன, பத்திரங்களின் விலை சரிந்தது. ஆம்ஸ்டர்டாம் வங்கியில் பணம் போட்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் திருப்பிக் கேட்டு நெருக்கினார்கள். வங்கியோ கேட்டவர்க்கெல்லாம் தடையின்றி எண்ணிக் கொடுத்தது. அப்போது வெளிவந்த நாணயங்களில் சில கரிந்திருந்தன என்றும், இருபது ஆண்டுகளுக்கு முன் பழைய நகர மண்டபம் எரிந்தபோது நெருப்புப்பட்ட நாணயங்கள் அவை என்றும் ஆடம் ஸ்மித் எழுதுகிறார். போட்ட பணத்தைத் தொடாமல் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்தக் கோடைகாலத்தில் அந்நாட்டின் எல்லா அமைப்புகளும் தடுமாற, அந்த வங்கி ஒன்று தடுமாறாமல் நின்றதைப் படிக்கும்போது, பீதிக்கு மருந்து நீண்டநாள் நாணயமே என்பது எனக்கு விளங்குகிறது.

ஹாலந்தைக் காத்தது நீர். தெற்குக் கடல் என்று அழைக்கப்பட்ட வடபுறத்து உள்கடலின் கரையிலுள்ள மைடன் ஊரிலிருந்து தெற்கே கோர்கும் கோட்டை வரை, மதகுகளைத் திறந்தும் கரைகளை வெட்டியும் வயல்களின்மீது நீரைப் பாய்ச்சினார்கள். முழங்கால் அளவுக்கு நீர் நின்றால் போதும்: படைகள் நடந்து செல்ல ஆழம் அதிகம், படகுகள் செல்ல ஆழம் குறைவு, கால்வாய்களும் பள்ளங்களும் எங்கே இருக்கின்றன என்றும் தெரியாது. இடையிடையே மேடாய் எஞ்சிய சாலைகளையும் கரைகளையும் பீரங்கிகள் காத்தன. கேட்பதற்கு எளிதாயிருக்கும் இந்தக் காரியம், செய்வதற்குக் கொடியது. தலைமுறை தலைமுறையாகக் காற்றாலை வைத்து இறைத்து உலர்த்திய நிலம் அது. விளைந்து நின்ற புல்லும் பயிரும், கால்நடைகளும் அங்கே இருந்தன. மதகுகளைத் திறக்க வந்தவர்களைக் கிராமத்துக் குடியானவர்கள் மண்வெட்டியும் தடியும் கொண்டு எதிர்த்தார்கள். சில இடங்களில் சிப்பாய்களைக் காவல் வைத்தே வெட்ட வேண்டியதாயிற்று. முக்கியமான மதகுகள் அடங்கிய மைடனைக் கைப்பற்ற பிரெஞ்சுக் குதிரைவீரர் சிலர் வாயில் வரை வந்துவிட்டார்கள். சற்றே முந்தி டச்சுப் படை உள்ளே புகுந்ததனால் ஆம்ஸ்டர்டாம் தப்பியது. நீர் ஏறுவதற்குச் சில வாரங்கள் பிடித்தன. அந்த அவகாசத்தில் லூயி விரைந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அவர் கோட்டைகளைப் பிடிப்பதிலும், மிகக் கடுமையான சமாதான நிபந்தனைகள் விதிப்பதிலும் காலத்தைக் கழித்தார். தென்பகுதி நிலங்களும் பெருந்தொகையும் தருவதோடு, ஆண்டுதோறும் தூதர் வந்து நன்றி பொறித்த பதக்கத்தைத் தம் சமூகத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை, பணிந்துவிட நினைத்தவர்களையும் எழுந்து நிற்கச் செய்தது.

இனி அந்தக் கொடுமைக்கு வருகிறேன். நாடு சரிந்ததற்கு யாரேனும் ஒருவர் பொறுப்பாக வேண்டும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். கோட்டைகளை டி விட் சகோதரர்கள் பிரான்ஸுக்கு விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று துண்டுப்பிரசுரங்கள் ஆயிரக்கணக்கில் பறந்தன. தேவாலயப் பிரசங்க மேடைகளிலிருந்தும் அதே குரல் எழுந்தது. ஜூன் 21-ஆம் தேதி இரவு, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த யோஹானை நான்கு இளைஞர்கள் கத்தியால் குத்தினார்கள். அவர் பிழைத்தார், பிடிபட்ட ஒருவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது, ஆனால் கொல்ல வந்தவனையே ஜனங்கள் தியாகியாகக் கொண்டாடினார்கள். ஜூலை தொடக்கத்தில் வில்லியத்தை ரட்சகராக உயர்த்தினார்கள். என்றைக்குமாக எழுதப்பட்ட சாசனத்தின் ஆயுள் ஐந்தாண்டு. ஆகஸ்ட் 4-ஆம் தேதி யோஹான் பதவியைத் துறந்தார்.

இதற்கிடையே வில்லெம் டிஹெலார் என்ற நாவித வைத்தியன் ஒருவன், இளவரசனைக் கொல்லுமாறு கொர்னேலிஸ் தன்னைத் தூண்டியதாகப் புகார் செய்தான். கொர்னேலிஸ் நீதி அதிகாரியாயிருந்த இடத்தில் முன்பொரு குற்ற வழக்கில் சிக்கியவன் இவன் என்பது தெரிந்தும், அந்தச் சொல்லை நம்பி அவரைக் கைது செய்து ஹேக் நகரத்துக் கோட்டைவாயில் சிறையில் அடைத்தார்கள். சித்திரவதை செய்தும் அவர் வாயிலிருந்து ஒப்புதல் வரவில்லை. குற்றத்தை மெய்ப்பிக்க முடியாத நீதிபதிகள் விடுதலை செய்யவும் அஞ்சினார்கள். குற்றம் இன்னதென்று கூடச் சொல்லாமல், பதவிகளைப் பறித்து நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். நீதி தவறிய தீர்ப்புகளில் இது மிகவும் கோழைத்தனமானது என்பேன்; ஏனெனில் இத்தீர்ப்பு, குற்றமற்றவரைத் தண்டித்தது மட்டுமன்றி, குற்றவாளி தப்பிவிட்டான் என்று கூட்டத்தையும் வெறிகொள்ளச் செய்தது.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி காலையில், அண்ணனை அழைத்துச் செல்ல யோஹான் தம் வண்டியோடு சிறைக்கு வந்தார். மகளும் நண்பர்களும் தடுத்தும் கேளாமல் வந்தார் என்பார்கள். உள்ளே சென்றவர் வெளியே வர முடியவில்லை. வாயிலில் ஜனத்திரள், அதன் நடுவே ஆயுதம் தாங்கிய நகரக் காவல் படையினர். டில்லி பிரபுவின் குதிரைப்படை மட்டும் மணிக்கணக்கில் கூட்டத்தைத் தடுத்து நின்றது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து கொள்ளைக் கூட்டம் வருகிறதென்ற வதந்தியைக் காரணம் காட்டி, நகரத்தின் பாலங்களைக் காக்கச் செல்லுமாறு அந்தப் படைக்கு உத்தரவு வந்தது. எழுத்தில் உத்தரவு கேட்டு வாங்கிக்கொண்டுதான் டில்லி நகர்ந்தார். மாலையில் கதவு உடைந்தது. சித்திரவதைப்பட்டுப் படுக்கையில் கிடந்த அண்ணனையும், அருகே அமர்ந்திருந்த தம்பியையும் தெருவுக்கு இழுத்துவந்து கொன்றார்கள். சடலங்களைத் தூக்குமரத்து மேடையில் தலைகீழாய்த் தொங்கவிட்டுச் சிதைத்தார்கள். செய்தவர்கள் கயவர் கூட்டமன்று. வெள்ளி வேலைக்காரர், கடைக்காரர், கையில் நகரத்துப் படைக்கொடி பிடித்த கௌரவமான குடிமக்கள். அன்று வெட்டியெடுத்தவை என்று ஒரு நாக்கும் ஒரு விரலும் ஹேக் நகரத்து மியூசியத்தில் இன்றும் இருக்கின்றன. அதே நகரத்தில் வாசம் செய்துகொண்டிருந்த தத்துவ ஞானி ஸ்பினோஸா, சாந்தமே வடிவானவர், கொலைகாரரைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதிக் கொலைக்களத்தில் ஒட்டப் புறப்பட்டதாகவும், வீட்டுக்காரர் கதவைப் பூட்டி அவருடைய உயிரைக் காத்ததாகவும் லைப்னிஸ் குறித்து வைத்திருக்கிறார்.

கொலை நடந்து எட்டு நாட்களுக்குள், வடகோடியில் குரோனிங்கன் நகரத்தை முற்றுகையிட்டிருந்த முன்ஸ்டர் பிஷப் தோற்றுத் திரும்பினார். ஆகஸ்ட் 28-ஆம் தேதியை அந்நகரத்தார் இன்றும் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். அலை திரும்பிவிட்டது. டிசம்பரில் மட்டும் ஒரு பெரும் அபாயம் வந்தது: நீர் உறைந்தது. பிரெஞ்சுத் தளபதி லக்ஸம்பர்க் தம் படையைப் பனிக்கட்டியின்மீது நடத்தி ஹேக்கை நோக்கி வந்தார். திடீரென்று பனி இளகத் தொடங்கவே, திரும்பும் வழியில் போடகிராவன், ஸ்வாமர்டாம் கிராமங்களைக் கொளுத்தி அங்கிருந்த ஜனங்களை வதைத்தார்கள்.

அந்த யுத்தத்தின் அலை நம்முடைய கரையையும் தொட்டது. 1672-இன் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி டி லா ஹே திருகோணமலையில் இடம் பிடிக்க முயன்று, டச்சுக்காரரால் துரத்தப்பட்டு, ஜூலை மாதத்தில் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமைக் கோல்கொண்டா சுல்தானின் படையிடமிருந்து கைப்பற்றினார். சுல்தானும் டச்சுக்காரரும் சேர்ந்து முற்றுகையிட, இரண்டாண்டு போராடி 1674-இல் அவர் சரணடைந்தார். அந்தத் தோல்விக்கிடையில் பிரான்ஸுவா மார்த்தேன் சிறு கூட்டத்தோடு சென்று தங்கிய இடந்தான் புதுச்சேரி. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து திரும்பிய பால்டேயஸ் பாதிரியார், தமிழ் எழுத்துகளைப் படமாகப் பொறித்துச் சேர்த்த பெரிய நூல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வெளிவந்ததும் இதே 1672-இல்தான். ஊர் எரிந்துகொண்டிருந்த ஆண்டில் அச்சுக்கூடம் இத்தகைய காரியத்தையும் செய்து முடித்ததை எண்ணி நான் வியக்கிறேன்.

எல்லா வீடுகளும் அப்படித் தாக்குப்பிடிக்கவில்லை. சித்திரங்களை வாங்குவாரில்லை. கடற்காட்சி ஓவியர்களான வான் டி வெல்டே தந்தையும் மகனும் எதிரி நாடான இங்கிலாந்துக்கே பிழைக்கப் போனார்கள். டெல்ஃப்ட் நகரத்து வெர்மீர் 1675-இல் நாற்பத்து மூன்று வயதில் இறந்தார். பிரான்ஸோடு நடந்த யுத்தத்தால் தம் கணவருடைய படங்கள் ஒன்றும் விலைபோகாமல், பிள்ளைகளின் பாரம் தாங்காது மனமுடைந்து ஒன்றரை நாளில் மாண்டார் என்று அவருடைய மனைவி விண்ணப்பம் எழுதினாள்.

1673-இல் டி ராய்ட்டர் மூன்று முறை ஆங்கில, பிரெஞ்சுக் கூட்டுக் கப்பற்படையோடு பொருது கரையைக் காத்தார். ஜெர்மானியச் சக்கரவர்த்தி லியோபோல்டும் ஸ்பெயினும் டச்சுக்காரர் பக்கம் சேர்ந்தார்கள். அவ்வாண்டு இறுதியில் பிரெஞ்சுப் படை உட்ரெக்டை விட்டு அகன்றது. அடுத்த பிப்ரவரியில் இங்கிலாந்து சமாதானத்துக்கு வந்தது. வெற்றியின் புகழ் வில்லியத்துக்குச் சேர்ந்தது. கடைசி அகழியிலே நின்று சாவேன், நாடு பணிவதைக் காணமாட்டேன் என்ற கருத்துப்பட அவர் ஆங்கிலத் தூதரிடம் சொன்னதாக வழங்கும் வார்த்தைக்குப் பொருத்தமான உறுதி அவரிடம் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கடலில் நாட்டைக் காத்த கப்பல்கள், டி விட் இருபதாண்டு காலம் கணக்குப் பார்த்து, காசு திரட்டி, கட்டுவித்தவை. தரைப்படை விஷயத்தில் அவர் செய்த பிழையை அந்தக் கோடையிலேயே எல்லாரும் கண்டார்கள். அவர் செய்த நன்மையோ, கண்ணுக்கெட்டாத கடலில், அவர்களுடைய கரைக்கு எதிரி வராதபடி பார்த்துக்கொண்டிருந்தது.

கொலைக்கு வில்லியம் உத்தரவிட்டார் என்பதற்குச் சான்று இல்லை. சரித்திர ஆசிரியர்கள் இதில் இன்றும் மாறுபடுகிறார்கள். எனினும் செய்தவர்கள் தண்டிக்கப்படவில்லை. கூட்டத்தைத் தூண்டியவர்களுள் வான் பாங்கெம் என்பவன் அதே ஹேக் நகரத்தின் நீதி நிர்வாக அதிகாரியானான். பொய்ப்புகார் கொடுத்த டிஹெலாருக்குப் பதவியும் ஆண்டுதோறும் உபகாரச் சம்பளமும் வழங்கப்பட்டன.